சஷ்டி கவசத்துக்கு மேலே பதிந்த தப்பட்டை

(பழைய ஒலிநாடாக்களைக் கேட்பதற்காகப் பழனியில் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது 'தொண்ணூறுகளின் தலித் பண்பாட்டு எழுச்சி' என்று தலைப்பு குடுத்தாங்க. அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை. அதைப் பேராசிரியர்கள் பேசட்டும். என்கிட்ட இருக்கிறது ஏழு கேசட். அதில் மூணு பாடாது. மிச்சம் நாலைப் பத்தி மட்டும் பேசிட்டு உக்காந்துடுறேன்.

இதுதான் முதல் கேசட். பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியுதான்னு தெரியல. அட்டையில் வேலோட முருகன் நிக்கிறார். போட்டா முதல் பதினோரு நொடிக்கு சூலமங்கலம் சகோதரிகள் கந்த சஷ்டி கவசம் பாடுவாங்க. அப்புறம் 'டக்'குன்னு ஒரு சத்தம். பதிவுப் பொத்தானை அழுத்தின சத்தம் அது. அடுத்த நொடி ரெண்டு தப்பட்டை சேர்ந்து விழும். இருபது நிமிஷம் போல நாங்க கத்துவோம். நாங்க ஓய்ஞ்சதும் மறுபடி கவசம் விட்ட இடத்திலிருந்து இல்லாம, வேற எங்கேயோ இருந்து வரும்.

கேசட்டையே பார்க்காத பிள்ளைங்க இங்கே நிறைய இருக்கீங்க. சொல்லிடுறேன். கேசட்டோட முதுகில் ரெண்டு ஓரத்திலும் சின்ன மூடி இருக்கும். யாரும் அழிச்சுப் பதியக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் அதை ஒடிச்சு வச்சிருப்பான். அந்தப் பொத்தலில் ஒரு துண்டு காகிதத்தைத் திணிச்சா எதுக்கு மேலேயும் எதையும் பதியலாம். பழனி அடிவாரத்தில் பக்திக் கேசட்டுக்கா பஞ்சம்? பெட்டி ஒடஞ்சது, அட்டை நனைஞ்சதுன்னு கழிச்சுப் போட்டதை அள்ளிக்கிட்டு வருவோம். எங்க குழுவைப் பத்திப் பின்னாடி ஒரு தோழர் எழுதினபோது, 'பார்ப்பனிய பக்திப் பிரதியை அழித்து அதன்மீது எழுதிய கலகப் பிரதி'ன்னு எழுதினார். படிக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா கலகமெல்லாம் இல்லைங்க. காசு இல்லை. புதுக் கேசட் ஒண்ணு ஒரு நாள் கூலிக்கு மேல வித்த காலம்.

குழு 1993 வாக்கில் தொடங்கி 1995 முடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஆறு பேர். எங்களுக்குப் பேரே கிடையாது. பேர் வைக்கக் கூடினப்பல்லாம் சண்டைதான். அம்பேத்கர் பேரா, புத்தர் பேரா, தமிழ்ப் பேரா, சாதியை மறைக்கிற பேரா, சொல்ற பேரான்னு. கடைசிவரைக்கும் நோட்டீசில் வெறும் 'கலைக்குழு'ன்னுதான் போட்டோம். நெய்க்காரப்பட்டிப் பக்கம் போனா 'பழனிப் பசங்க', பழனியில் 'காலனிப் பசங்க'.

அப்போ காத்து அப்படி அடிச்சது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு. அதுக்கு முன்னாடி எங்க தெருவில் அவர் படம் இருந்த வீடு ஒண்ணோ ரெண்டோதான். 1993இல் ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு' வந்தது. எனக்குப் பாதிக்கு மேல புரியல, ஆனா பையிலேயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். எல்லாத்துக்கும் மேல கே.ஏ. குணசேகரன் குரல். இன்குலாப் எழுதின 'மனுசங்கடா' பாட்டை அவர் பாடினது கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலாகி, அந்த நகலுக்கு நகலாகி எங்களுக்கு வந்து சேர்ந்தது. வரும்போது பாதி இரைச்சல். சொல் எது இரைச்சல் எதுன்னு தெரியாமலேதான் மனப்பாடம் பண்ணினோம். குணசேகரனும் இன்குலாப்பும் 2016இல், ஒருத்தர் சனவரியில், ஒருத்தர் டிசம்பரில் போய்ச் சேர்ந்தாங்க. 'தன்னானே' கலைக்குழுவை நேரில் பார்க்காமலேயே அதன் பிள்ளைகளாக வளர்ந்த குழு மதுரை, திண்டுக்கல் பக்கம் எத்தனை இருந்திருக்கும்! ஒரு வருசம், ரெண்டு வருசம் இருந்துட்டுக் காணாமப் போன குழுக்கள். அதில் ஒண்ணுதான் நாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க தெருவில் அதைப் 'பறை'ன்னு சொல்ல மாட்டாங்க. தப்பட்டைதான். இயக்கம் வந்த பிறகுதான் எங்க வாயில் பறைன்னு வந்தது. நாங்க அருந்ததியர். ஊர் எங்களை அப்போ வேற பேர் சொல்லித்தான் கூப்பிட்டது, அதை இங்கே சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குள்ள பேசறது தெலுங்கு. மேடையில தமிழ். இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

எங்க பாட்டு எல்லாம் ஒன்றரை நிமிஷம், ரெண்டு நிமிஷம். நீளப் பாட்டே கிடையாது. இதுவும் கலைக் கொள்கை இல்லை. ரெட்டை டம்ளர் வைக்கிற டீக்கடை முன்னாடி போய் நின்னு பாடுவோம். அடி கேட்டு ஊர்க்காரன் எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்துக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சுச் சைக்கிளில் ஏறிடணும். ஒரு பாட்டில் நாலே வரிதான். ரெண்டு டம்ளர் ஒண்ணையொண்ணு பார்த்து 'உன்னைக் கழுவுறது யாரு, என்னைக் கழுவுறது யாரு'ன்னு கேட்டுக்கும். கம்பெனி டம்ளரைக் கடைக்காரன் கழுவுவான், எங்க டம்ளரை நாங்கதான் கழுவி வைக்கணும். அதை நாலு தரம் கத்திட்டு ஓடிடுவோம். ஒரு தடவை ஆயக்குடித் தாண்டி ஒரு ஊரில் பாட்டு முடியறதுக்குள்ளயே கல் வந்துடுச்சு. அந்தக் கேசட்டில் பாட்டு நடுவில் நின்னு, மூச்சு வாங்கறதும் சைக்கிள் சங்கிலிச் சத்தமும் மட்டும் மூணு நிமிஷம் ஓடுது. அதையும் போட்டுக் காட்டுவேன்.

டேப்ரெக்கார்டர் இரவல். அந்தக் காலத்துச் சின்ன மிஷினில் ஒரு ஏற்பாடு உண்டு. வர்ற சத்தத்தை அதுவே அளந்து, அதிகமா இருந்தா அதுவே குறைச்சுக்கும். மனுசன் பேசறதுக்குத் தோதா செஞ்சது. அதுக்கு முன்னாடி தப்பட்டையை அடிச்சா என்ன ஆகும்? ஒவ்வொரு அடிக்கும் மிஷின் மிரண்டு எல்லாத்தையும் அமுக்கிடும். அடி விழும், உடனே பாடுறவங்க குரல் தண்ணிக்குள்ள முங்கின மாதிரி போகும், மெதுவா மேல வரும், வந்ததும் அடுத்த அடி. மிஷினைத் தூரத்தில் மதில்மேல வச்சுப் பார்த்தோம். கோணியைச் சுத்திப் பார்த்தோம். ஒண்ணும் நடக்கல. அதனால் அக்கா பாடின பாட்டுகளில் பாதிச் சொல் இன்னைக்கு யாருக்கும் தெரியாது. அக்காவுக்கே தெரியாது.

ஒரு வருசம் முன்னாடி எங்க வீட்டுப் பரண் இடிஞ்சு ஓடு மாத்தும்போது தகரப்பெட்டி கிடைச்சது. எலி கடிச்ச நோட்டீஸ், ஒரு சுண்டுக்குச்சி, ஏழு கேசட். எங்க தெருப் பையன் ஒருத்தன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவன், 'மாமா, எதையும் போட்றாதீங்க, நாடா அறுந்துடும்'னு பிடுங்கிக்கிட்டுப் போனான். நல்லவேளை. மூணில் பூஞ்சை ஏறி நாடா ஒண்ணோடொண்ணு ஒட்டிப்போச்சு. மத்ததில், நாடாவைத் தலையோட அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்து போயிருந்தது. பக்திக் கேசட்டில் திருகாணி கிடையாது, ஒட்டின பெட்டி. கத்தியால் பொளந்து, நாடாவை எடுத்துத் திருகாணி போட்ட வேற பெட்டிக்குள்ள மாத்திச் சுத்தினான். பழைய சாமான் கடையில் வாங்கின டெக்கில், தலையோட சாய்வை ஒரு சின்ன ஸ்குரூவைத் திருப்பித் திருப்பிச் சரிபண்ணினான். அதைத் திருப்பத் திருப்ப மூடிக் கிடந்த சத்தம் கதவு திறந்த மாதிரி தெளிஞ்சு வந்தது. என் வாழ்க்கையில் நான் அப்படி ஒரு நிமிஷத்தைப் பார்த்ததில்லை.

முழுசாக் கேட்டுட்டு அவன் சொன்னான்: 'மாமா, இது பங்க் மாமா. ஹார்ட்கோர் பங்க்.'

எனக்குப் பெட்ரோல் பங்க் தெரியும். எண்பதுகளில் பசங்க பின்னாடி முடியை வளர்த்துக்கிட்டு 'பங்க்'னு திரிஞ்சது தெரியும். இது தெரியாது. அவன்தான் போட்டுக் காட்டினான். 1980 வாக்கில் அமெரிக்க நகரங்களில் கிளம்பின இசை. பாட்டு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். வேகம், கத்தல். பெரிய கம்பெனியை நம்பாம அவங்களே கேசட் போட்டு, அவங்களே ஜெராக்ஸ் பத்திரிகை அடிச்சுக் கைமாத்திக்குவாங்க. நம்ம சிற்றிதழ்க்காரங்க மாதிரியேதான், சண்டை உட்பட. வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் நாலு பேர், பேட் ப்ரெயின்ஸ்னு பேர். 1982இல் அவங்க முதல் தொகுப்பு கேசட்டா மட்டும்தான் வந்ததாம். சிகாகோவில் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் வாழுற பில்சன் பகுதியிலிருந்து 1991இல் லோஸ் க்ரூடோஸ்னு ஒரு குழு. ஸ்பானிய மொழியிலேயே பாடுவாங்க. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பாடகர் நின்னு, இந்தப் பாட்டு எதைப் பத்தி, ஏன் பாடுறோம்னு பேசுவார். பேச்சு சில சமயம் பாட்டை விட நீளம். 1998இல் கலைஞ்சுட்டாங்க. டெட்ராய்ட்டில் ஒரே வீட்டுக் கறுப்பின அண்ணன் தம்பிகள் மூணு பேர், குழுவுக்கு 'டெத்', அதாவது சாவுன்னு பேர். 1975இல் பதிஞ்சாங்க. பேரை மாத்துன்னான் கம்பெனிக்காரன். மூத்தவர் டேவிட் ஹாக்னி மாட்டேன்னுட்டார். பதிவு வீட்டுக்குள்ளயே கிடந்தது. 2000இல் அவர் செத்துப்போனார். 2009இல்தான் அந்த நாடா தட்டாக வெளியே வந்தது. பேருக்காகச் சண்டை போட்ட குழு எங்களுது மட்டும் இல்லைன்னு தெரிஞ்சதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ஆனா பையன்கிட்ட ஒண்ணு சொன்னேன். அந்தப் பிள்ளைங்க சத்தத்தைத் தேடிப் போய் எடுத்துக்கிட்டாங்க. எங்க கையில் அந்தச் சத்தத்தை ஊர் திணிச்சது. பொணத்துக்கு முன்னாடி போய் அடின்னு திணிச்சது. வெள்ளைக்காரன் தேசத்துப் பேரை வச்சாத்தான் நம்ம பாட்டுக்கு மதிப்புங்கிற மாதிரி ஆயிடக்கூடாது. அவனும் விடல. 'ஒப்பிடறது வேற, கும்பிடறது வேற மாமா'ன்னான்.

இதில் ஒரு வேடிக்கை. அவன் பங்க்குன்னு சொன்னதுக்குப் பாதிக் காரணம் பேட்டரி. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவா சுத்தும். மெதுவா சுத்தும்போது பதிஞ்சதைச் சரியான வேகத்தில் ஓட்டினா குரல் கீச்சுன்னு, அடி தலைதெறிக்க வரும். எங்ககிட்ட எப்பவுமே இறங்கின பேட்டரிதான். ஒரு பாட்டுக்குப் பின்னாடி தூரத்தில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் இளையராஜா பாட்டு ஒண்ணு ஓடுது. அந்தப் பாட்டோட உண்மையான வேகத்தை வச்சு எங்க வேகத்தைச் சரிபண்ணிட்டான். சரிபண்ணினதும் அடி கனமா, நிதானமா, நடக்கிற நடையில் வந்தது. பையன் முகம் சுருங்கிப்போச்சு. 'பங்க் போயிருச்சு மாமா.'

சரி, இதுவரைக்கும் சொன்னது எல்லாம் வேடிக்கை. இனிமே சொல்லப்போறதுக்காகத்தான் இந்தக் கூட்டத்துக்கே ஒத்துக்கிட்டேன்.

1994இல் நாங்க ஒரு 'நல்ல' கேசட் தயார் பண்ணினோம். அதுதான் ஒட்டன்சத்திரம், தாராபுரம், திண்டுக்கல்னு கைமாறிப் போனது. உங்களில் சிலர் வீட்டிலேயே இருக்கலாம். ரெட்டை டெக்கில் போட்டு, பாட்டை மட்டும் எடுத்து, நடுவில் வர்ற இருமல், பேச்சு, சிரிப்பு எல்லாத்தையும் வெட்டினோம். வெட்டினது நான்தான். இப்போ பெட்டியில் கிடைச்சது வெட்டாத மூல நாடா. அதில் ரெண்டாம் பக்கம், நான் வெட்டி எறிஞ்ச ஒரு நாலு நிமிஷம் அப்படியே இருக்கு.

அது எங்க பெத்தநாயனா பேசினது. எங்க அப்பாவோட அண்ணன். எங்களுக்கு அடி சொல்லிக் குடுத்தவர். சின்ன வயசிலிருந்து ஊரில் எழவு விழுந்தா போய் நிக்கணும். துண்டை இடுப்பில் கட்டி, ரெண்டு நாளைக்கு அடிக்கணும். கூலின்னா கொஞ்சம் தவசம், கொஞ்சம் சாராயம், மிஞ்சின சோறு. செத்த மாட்டைத் தூக்கறதும் அந்தக் கையேதான். ஒருநாள் இனிமே வரமாட்டேன்னு நின்னுட்டார். அந்த வருசம் பூரா எங்க தெருவுக்கு ஊர்க் காட்டில் வேலை கிடையாது. பட்டினி கிடந்து விட்ட தொழில் அது. தப்பட்டையை எறவாணத்தில் சொருகினவர் எங்களுக்காகத்தான் மறுபடி எடுத்தார், அதுவும் முணுமுணுத்துக்கிட்டே.

இது அவர் ஒருத்தரோட கதை இல்லை. 1927இல் மகத்தில் அம்பேத்கர், செத்த மாட்டைத் தூக்காதே, அந்தக் கறியைத் தின்னாதேன்னார். தென்னார்க்காட்டில் இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்கிறதை நிறுத்தச் சொல்லிப் போராடினார். விடறதுதான் விடுதலைன்னு ஒரு தலைமுறை பட்டினியோட நின்னது. தொண்ணூறுகளில் நாம வந்து, எடுக்கறதுதான் விடுதலைன்னோம். பறை நம்ம ஆதி இசை, இழிவு இல்லை, ஆயுதம்னோம். ரெண்டும் நியாயம்தான். ஆனா ரெண்டு நியாயமும் ஒரே திண்ணையில் உக்காந்து முகத்துக்கு முகம் பேசின இடம் அதிகம் இல்லை. அந்த நாடாவில் பேசியிருக்கு.

தெலுங்கில் பேசறார். தமிழில் சொல்றேன். 'நாங்க விட்டுட்டு வந்ததை நீங்க ஏன்டா தூக்கறீங்க? இதை அடிச்சுக்கிட்டுப் போனப்போ என் கால் எங்கே படலாம், எங்கே படக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு மேடை போட்டுக் குடுத்திருக்கான். மேடையை விட்டு இறங்கினா உங்க கால் எங்கே நிக்கும்?'

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் எங்க பெரிய தப்பட்டைக்காரர், அண்ணன்னுதான் கூப்பிடுவோம், அவர் சொல்றார்: 'தோல் நாம உரிச்சது. கட்டை நாம செதுக்கினது. அடி மட்டும் எப்படி அவனோடது ஆகும்?'

பெத்தநாயனா பதில் சொல்லல. இருமறார். அப்போ அக்கா குரல். அக்கா திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவைப் பார்த்துட்டு வந்திருந்த நேரம். 1990இல் சகோதரி சந்திரா தொடங்கின குழு, நம்ம பெண்பிள்ளைகளே பறையைத் தோளில் மாட்டி ஆடி அடிக்கிற குழு. அக்கா சொல்லுது: 'ஒருத்தர் விட்டேங்கிறீங்க, ஒருத்தர் எடுத்தேங்கிறீங்க. என் கையில் எப்பவாச்சும் குடுத்தீங்களா, நான் விடறதுக்கு?'

சிரிப்பு கேக்குது. அப்புறம் ஓலை எரியற சத்தம், சடசடன்னு. தப்பட்டையைக் காய்ச்சறாங்க. அக்கா வாங்கி அடிக்குது. தாளம் விழல. தட்டுத் தட்டா விழுது. ஒரு நிமிஷம் அப்படியே போகுது. இவ்வளவு நேரம் ஏன் எடுத்தேன்னு சண்டை போட்ட மனுசன், பொறுக்க முடியாம, 'அப்படி இல்லம்மா, அடிக்குச்சியை அழுத்தாதே, சுண்டுக்குச்சியை லேசா விடு'ங்கறார். அக்கா மறுபடி அடிக்குது. இந்தத் தடவை விழுது. அங்கே நாடா நிக்குது.

இதைத்தான் நான் வெட்டினேன்.

ஏன்னு கேளுங்க. ஒண்ணு, 'பறை எங்கள் ஆயுதம்'னு பாடிட்டு, அதே கேசட்டில் எங்க பெரியவரே இதைத் தூக்கிப் போடுங்கடான்னா இயக்கத்துக்குப் பின்னடைவுன்னு நினைச்சேன். பொறுப்பில் இருந்த தோழர் ஒருத்தரும் அப்படித்தான் சொன்னார், ஆனா அவர்மேல பழி போட மாட்டேன், பொத்தானை அழுத்தினது என் விரல். இன்னொண்ணு, இதை இத்தனை வருசம் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அது தெலுங்கு. தமிழ் மண்ணின் ஆதிக்குடின்னு மேடையில் பேசிட்டு, வீட்டுப் பாஷை கேசட்டில் வந்துட்டா என்ன சொல்வாங்களோன்னு வெக்கம். நம்மளை 'வந்தேறி'ன்னு சொல்ல ஆள் இருந்தது. 2009இல் அருந்ததியருக்கு மூணு சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோதும் அதே பேச்சைக் கேட்டோமே. நம்ம ஆளுங்க வாயிலேயே கேட்டோமே. அந்தப் பயத்தில் பெத்தநாயனா வாயை நான் அடைச்சேன். ஊர்க்காரன் அடைக்க முடியாத வாய் அது.

குழு ஏன் கலைஞ்சதுன்னு கேட்டா பெரிய காரணம் ஒண்ணும் இல்லை. 1995 ஆகஸ்ட் 31 கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளை அடிச்சு நொறுக்கின செய்தி வந்தப்போ ஒரு பாட்டுக் கட்டினோம். அதுதான் கடைசி. தெற்கே கலவரம்னு கேட்டுக் கேட்டு வீட்டுப் பெரியவங்க பயந்தாங்க. அக்கா கல்யாணமாகித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போச்சு. பின்னாடியே ரெண்டு பேர் போனாங்க. அவ்வளவுதான்.

நாடாவை எடுத்துக்கிட்டு அக்காவைப் பார்க்கத் திருப்பூர் போனோம். பழைய வேகத்தில் போட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சது. 'எலி கத்தற மாதிரி இருக்கு, இதுவா நானு.' சரிபண்ணின வேகத்தில், அந்த நாலு நிமிஷத்தைப் போட்டோம். சிரிப்பு நின்னுது. பெத்தநாயனா குரல் வந்ததும் சேலையை இழுத்துச் சரிபண்ணிக்கிட்டு நிமிர்ந்து உக்காந்தது, அவரே உள்ள வந்துட்ட மாதிரி. முடிஞ்சதும், 'போன்ல ஏத்திக் குடு'ன்னு மட்டும் சொன்னது.

பெத்தநாயனா இல்லை. அண்ணனும் இல்லை, நோயில் போயிட்டார். அவர் மகள் வேற ஊரில் நல்ல வேலையில் இருக்கு. அனுமதி கேட்கப் போனேன். அந்தப் பொண்ணு காப்பி குடுத்து மரியாதையா உக்கார வச்சுக் கேட்டுச்சு. கேட்டு அழுதது. அப்புறம், 'மாமா, இன்டர்நெட்டில் போடாதீங்க. அப்பா பேரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். இந்த வீட்டை நாங்க என்ன சொல்லி வாடகைக்குப் பிடிச்சோம்னு எனக்குத்தான் தெரியும். பிள்ளைங்க படிக்குது'ன்னுச்சு.

இதைக் கேட்டு உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம். மறைக்கலாமா, தலைநிமிர வேண்டாமான்னு. நானும் இருபது வயசில் அப்படித்தான் கேட்டிருப்பேன். திரும்பி வர்ற பஸ்ஸில் எனக்குப் பெத்தநாயனா கேட்டதுதான் காதில் விழுந்துக்கிட்டு இருந்தது. மேடையை விட்டு இறங்கினா கால் எங்கே நிக்கும்? 2018 சனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடை ஏறினது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. எனக்கு ரெண்டிலும் சந்தோஷம், கண்ணில் தண்ணி வந்த சந்தோஷம். ஆனா அந்தப் பொண்ணுக்கு வாடகை வீடு இன்னும் அப்படித்தான் கிடைக்குது.

நாடாக்களைப் பத்திச் செய்ய வேண்டியதைச் சொல்லிடுறேன். சென்னை சபாக்களில் பாடினவங்க தொண்டையைச் செருமினதுகூடப் பத்திரமா இருக்கு. நம்மளது பரண்மேல, எலிக்கும் பூஞ்சைக்கும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை'ன்னு எழுதினவர், நாட்டுப்புற மெட்டில் கட்டின விடுதலைப் பாட்டுகள் கேசட் வழியாகவும் மாணவர்கள் வாய் வழியாகவும் கிராமத்துக்குப் போய், போன இடத்தில் ஜனங்க கையில் மாறி மாறி வளர்ந்துச்சு. அவர் 2005இல் மறைஞ்சார். அதையெல்லாம் கேட்டு, ஆராய்ஞ்சு, 2014இல் புத்தகமாக்கினவர் அமெரிக்காவிலிருந்து வந்த சோயி ஷெரினியன். நல்ல வேலை. நாம ஏன் செய்யலங்கிறது நம்ம கேள்வி. மும்பையில் விலாஸ் கோக்ரே, 1997 சூலையில் ரமாபாய் நகர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூக்கில் தொங்கின பாடகர். அவர் குரல் இன்னைக்கும் கேக்குதுன்னா அதில் ஆனந்த் பட்வர்தன் அதைப் படத்தில் பிடிச்சு வச்சதுக்குப் பெரிய பங்கு இருக்கு. எங்க பெத்தநாயனாவை யாரும் படம் பிடிக்கல. இரவல் டேப்ரெக்கார்டரை நிறுத்த மறந்ததால்தான் அவர் இருக்கார்.

வீட்டில் கேசட் இருந்தா வேகமாச் சுத்தாதீங்க, ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீங்க, கணிப்பொறிக்கு மாத்தினாலும் மூலத்தைத் தூக்கிப் போடாதீங்க. இரைச்சலை எடுக்கறேன்னு இருமலை எடுத்துடாதீங்க. யார், எந்த ஊர், எப்போன்னு ஒரு தாளில் எழுதி உள்ளே வைங்க. வெளியிடறதுக்கு முன்னாடி குரல் குடுத்தவங்க வீட்டுக்கு நேரில் போய்க் கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க. பையன் எல்லாத்தையும் ஏத்திடணும்னு துடிக்கிறான். அவனோட எனக்கு இன்னும் சண்டை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

அண்ணன் மகள் கடைசியில் ஒண்ணு சொன்னது. ஒரு அறைக்குள்ள, நம்ம ஆளுங்க மத்தியில் போடலாம், பேர் சொல்லாம போடுங்கன்னுச்சு. அந்த வார்த்தையை வச்சுத்தான் இன்னைக்குப் போடறேன். அதனால் எல்லாரும் செல்போனை அணைச்சு அந்த மேசைமேல வச்சிருங்க. யாரும் பதியக்கூடாது. ஜன்னலைச் சாத்திக்கலாம், பேனையும் நிறுத்திருங்க தம்பி, அக்கா குரல் சன்னமா இருக்கும்.

முதல்ல பதினோரு நொடி சஷ்டி கவசம் வரும். கேசட் மாறிப்போச்சுன்னு நினைச்சுக்காதீங்க.